முதல் போணி

சிவபாலனின் வேலைவாய்ப்பு இணையதளத்தில், கோயில் யானையைத் தவிர காஞ்சிபுரமே இலவசமாகப் பதிந்திருந்தது. காசு தரத்தான் ஒரு கம்பெனியும் இல்லை. இந்த மாதமும் வருமானம் வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தளத்தை உருவாக்கிய ஸிந்துஜா போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "சென்னை கம்பெனி சார். ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்காம். வேலைக்கு அனுப்பினா கமிஷன் தருவாங்களாம். வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"முதல் போணிம்மா! பட்டுக்கடையில பொறந்தவன் போணியத் திருப்பி அனுப்புவானா? திங்கக்கிழமையே வந்துடும்னு சொல்லு!"

சொன்னாள். சிவபாலன் ராஜகோபுர உயரத்துக்குக் குதித்தார். "யாரும்மா அந்த மகராசி?"

"தொடங்கினப்ப மாதிரிக்கு ஒருத்தர் விவரத்தைப் போடச் சொன்னீங்களே... என்னோடதைத்தான் போட்டேன்."

சிவபாலன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"யாருன்னு கேட்பீங்கன்னு நினைச்சேன் சார்."