இடுப்பளவுத் தண்ணீர்

தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் ஓவியரின் கை நின்றுவிட்டது. இதற்குமேல் ஒரு விரற்கடை ஏறினாலும் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

தண்ணீர் சுவரில்தான் இருந்தது. அதுவும் வெறும் கரிக்கோடாக. முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை அது. மேடைக்குப் பக்கத்தில் தரையில் இறக்கிக் கட்டிய தொட்டி, அதன் பின்னால் வெள்ளைச் சுவர், இரண்டையும் மறைத்து ஒரு திரை. சுவர் நிறைய ஓர் ஆறும், அதில் இறங்கி நிற்கும் ஒரு மனிதரும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஓவியரோ பச்சைக் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளித்தாலே போதும் என்கிற சபை. அந்தச் சபையின் ஆயர், அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அப்பா போன பிறகு தன் படிப்பைத் தள்ளிப்போட்டுத் தம்பியை ஓவியம் படிக்க வைத்தவர்.

நம்பாத ஒன்றை வரைந்தால் அது பொய்யா? வரைகிற கையைக் கொடுத்தவர் இரண்டு சபைக்கும் ஒருவர்தானே? ஒரு நாள் சரி என்று பட்டது, மறுநாள் தப்பு என்று பட்டது. பதினைந்து நாளாக இதே ரோதனையில் மனிதர் அலுத்துப்போனார்.

போன வாரம் அண்ணனிடமே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"வேற சபைக்காரங்க படம் வரையக் கூப்பிட்டா போகலாமாண்ணே?"

"எந்தச் சபை?"

"தொட்டி வெச்சிருக்காங்களே, அவங்க."

அண்ணன் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை. இடது கை விரல்கள் மட்டும் மேசையைத் தட்டின. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. கோபத்தை அடக்குகிறார் என்று ஓவியர் வாயை மூடிக்கொண்டார்.

"நம்ம ஞானஸ்நானமே செல்லாதுங்கறவங்க அவங்க. அவங்க சுவத்தை நீ அலங்காரம் பண்ணுவியா? ஆயர் தம்பியே அங்க போறான்னு ஜனங்க வாயில நான் விழணுமா?"

அதற்குப் பிறகும் வந்தார் என்றால், காரணம் ஒரு பாட்டு. சுவரை அளக்க வந்த அன்று நாலைந்து பெண்கள் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். 'கரையில் நின்றே களைத்துப் போனேன், கைபிடித்து இறக்கும் ஐயா.' தன்னைப் பார்த்தே எழுதியது போலிருந்தது. அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியர் அழுதுவிட்டார்.

"யார் எழுதினது?" என்று கேட்டதற்கு, அந்தச் சபையின் பாஸ்டர் சிரித்தார்.

"பேரைச் சொல்லக் கூடாதாம். நீங்க சுவத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க இல்ல? அவரும் உங்க ரகம்தான்."

பாட்டு என்னவோ இழுத்தது. ஆனால் இன்று கரி இடுப்பைத் தொட்டதும் தெம்பு போய்விட்டது. அண்ணனை இழந்து ஆற்றை வரைந்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சிடுங்க பாஸ்டர், என்னால முடியல. அழிச்சிட்டுக் கெளம்பறேன்."

"நீங்க நம்பறதை மாத்திக்கச் சொல்லி நான் கேக்கலையே. எங்களுக்கு ஒரு ஆறு வேணும், அவ்வளவுதான்."

"ஆறு சரி. ஆளை எங்க நிறுத்தறதுன்னுதான் தெரியல."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். தானே போய் ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை. அதுவே ஓவியருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

காய்ந்த தொட்டிக்குள் இறங்கினார். முதுகு விட்டுப்போயிற்று. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அழிக்கலாம் என்று படியில் உட்கார்ந்தபோது, ஆலய வாசலில் யாரோ செருமினார்கள்.

அந்தச் செருமலைப் பிறந்ததிலிருந்து கேட்கிறவர் அவர். எந்தப் புண்ணியவானோ போட்டுக் கொடுத்துவிட்டான்! ஓவியர் ஈரத் துணியோடு தொட்டியின் மூலையில் ஒடுங்கினார். திரை மட்டும்தான் நடுவில்.

"தோத்திரம் பாஸ்டர்," என்றார் அண்ணன்.

"தோ... தோத்திரம் ஐயா. நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு..."

"ஏன் திருதிருன்னு முழிக்கிறீங்க? கடைசிச் சரணம் இடிக்குதுன்னீங்களே, சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

தாள் சரசரத்தது. பிறகு பெஞ்சில் விரல்கள் தட்டின. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. அதன்மேல் அண்ணனின் கட்டைக்குரல் மெல்ல ஏறியது: "கரையில் நின்றே களைத்துப் போனேன்..."

துணி ஓவியரின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"பிரமாதம் ஐயா. இதை உங்க சபையிலயே பாடலாமே?"

"ரெண்டு சொட்டுத் தண்ணிக்கு எத்தனை சரணம் எழுத முடியும்?" அண்ணனின் குரலில் அப்படி ஓர் அலுப்பு. "உங்க உபதேசம் எனக்கு இன்னிக்கும் ஒத்துக்கல. ஆனா பாட்டு வந்துடுதே, என்ன பண்ண? அச்சடிக்கறப்ப என் பேரை மட்டும் போட்டுடாதீங்க."

பாஸ்டர் திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சபைக்குப் பயப்படறீங்களா ஐயா?"

"சபையைச் சமாளிச்சுக்குவேன். என் தம்பிக்குத் தெரிஞ்சா, அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"