கரும்பச்சைப் புல்

“விஷம் வெச்சது அந்தப் பூன்மாதான், டாக்டரம்மா! வேற எவன் வைப்பான்?” சம்ரானின் குரல் உடைந்தது.

கொட்டகையில் அவனுடைய கறவை மாடு கால் விறைத்துக் கிடந்தது. நேற்று காலையில்கூட வாளி நிறையப் பால் கொடுத்த மாடு. இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான்.

பூன்மா பக்கத்து வயல்காரன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மணிக்கட்டில் நூல் கட்டி, சாகிறவரை கூட்டாளி என்று சம்ரானோடு சத்தியம் செய்தவன். கோடையில் வாய்க்கால் தண்ணீருக்காக இருவரும் மண்வெட்டியைத் தூக்கியதோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

மாட்டு டாக்டர் காது நரம்பைக் கீறினார். ரத்தம் காபி நிறத்தில் கசிந்தது.

“யாரும் விஷம் வைக்கல. புல்லுதான் கொன்னிருக்கு. யூரியா எவ்வளவு போட்டீங்க?”

“ஒரு மூட்டை. மழை விழுந்ததும் போட்டேன். வருஷா வருஷம் போடுறதுதானே?”

“ஒரு மூட்டைக்கு இந்தக் கரும்பச்சை வராது. புல்லு குடிச்ச உரம் அத்தனையும் மாட்டு ரத்தத்தைக் கெடுத்திருக்கு.”

சம்ரான் மனைவியைப் பார்த்தான்.

“மாலி, நீ போட்டியா?”

“உங்க காய்ச்சலைப் பாப்பேனா, புல்லைப் பாப்பேனா?”

அப்போதுதான் வேலியோரம் நின்றிருந்த பூன்மாவைக் கவனித்தார்கள். கையில் தன் சினைமாட்டின் கயிறு. முகம் வெளிறிப் போயிருந்தது.

“கூட்டாளி, நான்தான்டா போட்டேன். நீ காய்ச்சல்ல கெடந்த, புல்லு வெளுத்துப்போச்சு, மனசு கேக்கல. ரெண்டு மூட்டை வீசினேன். நமக்குள்ள பேச்சே இல்லையே, எப்படிச் சொல்ல? எந்திரிச்சு வந்து நீயும் போடுவேன்னு நான் கண்டேனா?”

பூன்மா கயிற்றைச் சம்ரானிடம் நீட்டினான்.

“மாடு செத்துடுச்சுன்னு கேட்டதும் இதை ஓட்டிட்டு ஓடி வந்தேன். வந்த எடத்துலதான் டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? புடி கயித்தை. நூல் கட்டினது சும்மாவா? இனிமே இது உன் மாடு. தண்ணிகூடக் காட்ட வேண்டாம், என் தொட்டியை மொத்தமாக் காலி பண்ணிட்டுத்தான் வந்திருக்கு.”

விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தொட்டியில் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டு வந்திருந்தான் சம்ரான்.