தானே திருகும் சக்கரம்

"எங்கண்ணன் சோத்துல மண்ணள்ளிப் போடுற மிசினை என் வீட்டு மேசையிலயே வரையுறீங்களா?"

கமலவேணி கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

அவள் கணவன் கணேசமூர்த்தி தலையை நிமிர்த்தினான். ஜன்னலுக்கு வெளியே காஜா பெராங் வீதியில் மாலைத் தூறல். பார்வை அதில் இருந்தாலும், மனம் சிவந்த இரும்பு ஆறாக ஓடும் வேறெங்கோ இருந்தது.

நாடு சுதந்திரமடைந்த புதிது. புக்கிட் ரம்பாய் இரும்பாலையில் அவன் என்ஜினியர். அவளுடைய அண்ணன் நல்லையா அங்கேதான், பழுக்கக் காய்ந்த கம்பியின் தடிமனைக் கண்ணால் பார்த்து, சக்கரத்தைத் திருகி, அதை நசுக்கி மெலிதாக்கும் உருளைகளை இறுக்குபவர்.

இனி மிசினே தடிமனை அளக்கும், தானே இறுக்கும்.

"மச்சான் வேலையைப் பறிக்கிறவருன்னு ஊரே பேசுது."

"பேசட்டும், வேணி."

அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள்.

மிசினின் வெள்ளோட்டத்துக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அண்ணனுக்காகப் போனாள்.

உலையிலிருந்து இரும்பு வந்தது. அந்திவானத்தில் ஒரு துண்டு நழுவியதுபோல உருளைகளுக்குள் புகுந்து, மெலிந்து, நீண்டு, மிதந்து போனது. யாரும் தொடாமலே சக்கரம் மெல்லச் சுழன்றது, தூக்கத்தில் யாரோ புரள்வதுபோல. ஒரு கணம் அவளுக்குக் கோபமே மறந்துவிட்டது.

ஓரமாக நல்லையா. கண்களில் நீர்.

ஓடிப்போய் அவர் எதிரே நின்றாள்.

"அழாதீங்கண்ணே. இந்தப் பாவம் அவரைச் சும்மா விடாது."

"வேணியா? எங்கம்மா நிக்கிற?"

"உங்க முன்னாலதாண்ணே..."

கையை நீட்டி அவள் தோளைத் தேடினார்.

"உலை வெளிச்சம் கண்ணைத் தின்னுடுச்சும்மா. எல்லாம் புகையாத்தான் தெரியுது. போன வருஷம் தடிமன் தெரியாம திருகிட்டேன், கம்பி எகிறி வந்துச்சு. மாப்பிள்ளைதான் இழுத்துத் தள்ளிக் காப்பாத்தினார். நீ தாங்கமாட்டேன்னு, உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். "இனி வேலைக்கு என்னண்ணே செய்வீங்க?"

கண்ணாடி அறைக்குள் எங்கோ மணி ஒன்று கணீரென்றது. நல்லையா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கம்பி தடிச்சா ஒரு மணி, மெலிஞ்சா வேற மணி. அங்க உட்கார்ந்து கேட்டு, தப்பாப்போச்சுன்னா ஆலையை நிறுத்தணும். அதான் இனி என் வேலை."

பிறகு சிரித்தார்.

"மத்த ஊர்ல இந்த மிசினுக்குக் கண்ணால பார்க்கிற முள்ளுதான் வைப்பாங்களாம். மாப்பிள்ளைதான் பிடிவாதமா மணி வெச்சிருக்கார்."