காடு கேட்க

கோட்டைக்குப் போகும் காட்டுப்பாதையில் குகநேசன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனைவி வதனிக்கு அது பழகிய சங்கதி. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு இப்படியொரு ஜெர்மன் காட்டுக்குள்ளால்தான் ஏஜென்சிக்காரன் அகதியாக வந்த அவனைக் களவாக எல்லை கடத்தினான். "ஒருத்தர் வாய் திறந்தாலும் எல்லாரும் பிடிபடுவம்" என்று ஏஜென்சிக்காரன் அன்று இட்ட கட்டளைக்கு, மரங்களைக் கண்டால் இன்றும் குகநேசனின் தொண்டை பணிந்துவிடும்.

வதனி தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள், எட்டு வயது மகள் ஆரணியைக் காணவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளை எங்க?"

வதனி மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்த வழியே ஓடினாள். அவன் கோட்டைப் பக்கம் ஓடினான். வாயைத் திறந்தான்; வெறும் காற்றுத்தான் வந்தது.

எதிரே சீருடையில் ஒரு வனக்காவலர் வந்தார். குகநேசனின் கை தானாகப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியது. அவர் அதைத் திறக்காமலே வாங்கி வைத்துக்கொண்டு, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார்.

"மகளை. ஆரணி," என்று கிசுகிசுத்தான்.

அவர் பாஸ்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கினார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். "ஆரணீ!" காடே அதிர்ந்தது.

மேலே கோட்டை மதிலிலிருந்து பதில் வந்தது. "அப்பா, நான்தான் முதல் வந்தனான்!"

குகநேசனும் கைகளைக் குவித்தான். "ஆரணீ!" மூச்சிரைக்க வந்து சேர்ந்த வதனி, "அதுதான் பிள்ளை அங்க நிக்கிறாளே, பிறகேன் கத்துறீங்கள்?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, பக்கத்தில் நின்றவளின் பெயரையும் காடு கேட்கக் கூப்பிட்டான்.