நின்று நின்று ஓடிய கம்ப்யூட்டர்

"தானா ஓடக் கூடாது சார். அங்கங்க நின்னு, 'பொத்தானை அழுத்து'ன்னு கேக்கணும்."

ஆரணிப் பட்டுக்கடை முதலாளி சுப்பராயலு சொன்னதைக் கேட்டுத் திகைத்தான் பரசுராமன்.

எண்பதுகளின் கடைசி. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த காலம். திரைக்குச் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை சூட்டி, தேங்காய் உடைத்துத்தான் வரவேற்றார்கள். அதை நிறுவச் சென்னையிலிருந்து வந்தவன் பரசுராமன். தனித்தனியாகக் கிடக்கும் புரோகிராம்களை ஒவ்வொரு நாள் காலையும் ஒன்றாகக் கோத்து எழுப்ப, ஒரு செட்டப் எழுதியிருந்தான். ஒரே கட்டளை, மற்றதெல்லாம் தானே நடக்கும். அதில் அவனுக்குப் பெருமை கொஞ்சமல்ல.

"ஒரு தரம் தட்டினா போதுங்க. பக்கத்துல ஆளே வேணாம்."

"அதெல்லாம் எனக்குச் சரிப்படாது. ஜல்தியா மாத்துங்க."

தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட ஒரு கூட்டத்தையே நிறுத்திப் பழகியவர். இயந்திரத்தை நம்ப மனம் வரவில்லை போலும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மாற்றினான்.

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கன்னியம்மாள் உள்ளே வந்தாள். நடுவயதுக்காரி.

"எங்க போன? மிஷின் காத்துகினு கெடக்குது, நீ ஆடி அசைஞ்சு வந்துகினு இருக்க!" என்று சீறினார் முதலாளி.

"டீ குடிக்கப் போனேங்க."

அவசரமாக அமர்ந்தாள். திரை நிற்கும்போதெல்லாம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு பொத்தானை அழுத்தினாள்.

முதலாளி கடைப்பக்கம் போனதும் பரசுராமனின் மனம் கொதித்தது. கூலி கொடுக்கிறோம் என்பதற்காக ஒரு மனுஷியை இப்படிக் கட்டிப்போடுவதா? பிறர் செயலை எடைபோட இளமை எப்போதும் அவசரப்படும். காரணம் கேட்கும் பொறுமையோ அதற்குக் கிடையாது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இந்தப் பேஜாரே உங்களுக்கு வேணாம். ஒரு வழி சொல்றேன்..."

"பரசுராமன் சார்! கொஞ்சம் வெளிய வாங்க."

வாசலில் முதலாளி. முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிட்டீங்களா அவகிட்ட?"

"இன்னும் இல்லீங்க. ஆனா அந்தம்மாவை எதுக்குங்க வீணா உக்கார வெக்கறீங்க?"

சுப்பராயலு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"நம்ம தறியில நெய்ஞ்சுகினு இருந்த பச்சையப்பனோட சம்சாரம் சார் அது. அவன் செத்தப்புறம் அரிசி அனுப்பினேன், துணிமணி அனுப்பினேன். 'செய்யாத வேலைக்குக் கூலி வேணாங்க'ன்னு அத்தனையும் திருப்பி அனுப்பிட்டா. இது தானா ஓடும்னு தெரிஞ்சா, நாளையிலிருந்து இந்தச் சோத்தையும் தொடமாட்டா!"