அறுபத்து மூன்றாம் பக்கம்

"சொந்த வீட்டுல மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே இவருக்கு ஆள் வேணும். இந்த லட்சணத்துல புதையல் கதை ஒரு கேடு!"

அம்மா அலமாரியிலிருந்த துணிகளையெல்லாம் வாரிக் கட்டிலில் கொட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி பண்ணி அனுப்புகிற மனுஷன், தன் கண்ணாடியைத் தினமும் இரண்டு தடவையாவது தொலைத்துவிடுவார்.

ஆனால் இன்றைக்குத் தொலைந்தது கண்ணாடி இல்லை. மகளுடைய வேலை உத்தரவு. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மூன்று வருடம் பரீட்சை எழுதி எழுதிக் கிடைத்தது. முத்திரை வைத்த அந்தக் கடிதத்தோடு பத்து மணிக்குள் போய் நிற்காவிட்டால், பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மணி எட்டே முக்கால்.

"கடைசியா யார் கையில இருந்துச்சு?" என்றாள் மகள்.

"நேத்து மத்தியானம் மாடி வீட்டு அக்காகிட்ட காட்டிட்டு வந்து, இதோ, இந்த மேஜை மேலதான்டி வச்சேன். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் தையல் மெஷினை விட்டு எந்திரிக்கவே இல்ல. முதுகு ஒடிஞ்சு போச்சு."

மகள் மெஷின் பக்கம் போனாள். நேற்றுக் காலையில் பார்த்த அதே சட்டை, அதே ஒற்றைக் கையோடு ஊசியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்து உதறினாள். நூல் பிசிறுதான் விழுந்தது.

"மேஜையில வேற யாரோட சாமான் கெடக்கும்? எல்லாம் இவரு புத்தகம்தான்! வாரம் ஒண்ணு லைப்ரரியில இருந்து தூக்கிட்டு வந்துடறாரு. கப்பல், மண்டை ஓடு, துருப்பிடிச்ச சாவி. சின்னப் பசங்ககூட இப்பல்லாம் அதைத் தொடறதில்ல. ஐம்பத்தஞ்சு வயசு ஆச்சே, வெக்கமா இல்ல?"

"நானே அறுபத்து மூணாம் பக்கத்தோட நிறுத்தியிருக்கேன். கடையில சரக்குக் கணக்கெடுக்கறாங்க. நாலு நாளா அதைக் கையால தொடல" என்றார் அப்பா.

"தொடலைன்னா சரி. அந்தக் கலங்கரை விளக்கத்துக் காவல்காரன் மாதிரி திருட்டு முழி முழிக்காதீங்க. ஏறிப் பரண்ல பாருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்ட அப்பா அப்படியே நின்றார். "ஏய், அவன் ரொம்ப நல்லவனாச்சே! பசங்களுக்குப் படகு குடுத்ததே அவன்தான்."

"ஆமா, நல்லவன்! அட்டையில அவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே. ஏறுங்கன்னா ஏறுங்க!"

பரணில் இல்லை. மாவு டப்பாவில் இல்லை. செருப்பு அலமாரியில் இல்லை. மகள் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, வெங்காயச் சருகுக்கு நடுவே விரலால் துழாவினாள். அதிலும் இல்லை. மணி ஒன்பது அடித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தலை முழுக்க ஒட்டடையோடு அப்பா இறங்கினார். "அழாதேம்மா. இதுக்காகத்தான் நான் அந்தக் கதைங்களைப் படிக்கிறதே. அதுல எது தொலைஞ்சாலும் கடைசிப் பக்கத்துக்குள்ள கிடைச்சிடும்."

அவ்வளவுதான். அம்மாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ!

"என் பொண்ணோட வாழ்க்கையே தொலைஞ்சு கெடக்கு, இவரு கதை பேசறாரு! இருங்க, முதல்ல இந்தச் சனியனைத் தெருவுல வீசறேன்!"

ஜன்னல் ஓரம் கிடந்த புத்தகத்தை எடுத்துக் கையை ஓங்கினாள்.

"அம்மா, நில்லு!" மகள் பாய்ந்து கையைப் பிடித்தாள். பக்கங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்தாள். நாலாக மடித்த காகிதம். நீல முத்திரை.

"கிடைச்சிடுச்சு!" மகள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? நான் வாயால சொன்னேன், அப்படியே இருக்கு! பெத்த பொண்ணோட வேலை உத்தரவு உங்களுக்குப் பக்கத்துக்கு அடையாளம் வைக்கிற துண்டுச் சீட்டாப் போச்சா? இனிமே இந்த வீட்டுக்குள்ள கப்பலோ தீவோ நுழையட்டும், அப்ப இருக்கு உங்களுக்கு!"

அப்பா நெற்றிக்கு மேலே கிடந்த கண்ணாடியை இறக்கிவிட்டு, மகள் கையிலிருந்த புத்தகத்தை அப்படியே வாங்கினார்.

"என் அடையாளம் பஸ் டிக்கெட். அதோ, அறுபத்து மூணுல பத்திரமா இருக்கு. இது இருநூத்திப் பன்னெண்டு." குனிந்து படித்தார். "'இரும்புக் கதவைச் சாத்திவிட்டுக் காவல்காரன் துப்பாக்கியை எடுத்தான்...' அடப்பாவி! இவனா வில்லன்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெஷினில் கிடந்த ஒற்றைக் கைச் சட்டையைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் என் வாயைப் பாத்துட்டு நிக்கறீங்க? மணி ஒன்பதே கால் ஆச்சு! ஓடிப் போய் வண்டியைக் கூப்பிடுங்க!" அம்மா மகளைத் தோளைப் பிடித்து வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"புத்தகத்தை மூடிடாதீங்க. அப்படியே கவுத்து வைங்க, நான் விட்ட பக்கம் போயிடும்."