ஆட்காட்டியின் பதற்றம்

ஒரு தரிசுக்காட்டில் ஆட்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. சருகு உதிர்ந்தாலும் அது கத்தும்.

சற்றுத் தள்ளி ஐந்து குஞ்சுகளோடு இருந்த கவுதாரிக்குக் கோபம் வந்தது. "காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை, அக்கா! ஒன்பதும் வீண். குஞ்சுகள் ஓடி ஓடிக் களைத்துவிட்டன. உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா? இன்னது என்று பார்த்த பிறகு கத்தேன்."

"வேண்டுமென்றா கத்துகிறேன்? முதலில் நெஞ்சு படபடக்கிறது. உடனே வாய் கத்திவிடுகிறது. கண் கடைசியாகத்தான் பார்க்கிறது," என்றது ஆட்காட்டி. ஆனாலும் இனி பார்த்துவிட்டே கத்துவதாக வாக்குக் கொடுத்தது.

ஓணான் ஓடியபோது வாயை இறுக மூடிக்கொண்டது. காற்றடித்தபோதும் அப்படியே. மூன்றாவதாகப் புல் அசைந்ததும் தன்னை மீறிக் கத்திவிட்டது.

குஞ்சுகள் புதருக்குள் ஓடின. அவை நின்றிருந்த இடத்தில் ஒரு கீரி வந்து பாய்ந்து, ஏமாந்து திரும்பிப் போனது.

கவுதாரி குஞ்சுகளை இரண்டு தடவை எண்ணியது. ஐந்தும் இருந்தன.

"வாக்குத் தவறிவிட்டேன், மன்னித்துக்கொள்," என்றது ஆட்காட்டி.

சாயங்காலம் கவுதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆட்காட்டியின் கூட்டருகே குடிவந்தது.

"இங்கே சத்தம் இன்னும் அதிகமாகக் கேட்குமே," என்று கூசியது ஆட்காட்டி.

"அதற்காகத்தான் வந்தோம், அக்கா."